செத்த சீவலில் கறுப்புப் புள்ளி

நம்பினால் நம்புங்கள். கதை விடுகிற ஆள் இல்லை நான். மூளை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள்.

மூளையில் சில செல்கள் மற்ற செல்களை "சும்மா இரு" என்று அடக்கும். அதற்காகச் சுரக்கும் ரசாயனத்தை அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த ரசாயனத்தில் கதிரியக்கம் ஏற்றி, மூளையின் மெல்லிய சீவலை அதில் ஊறவைப்போம். பிறகு கண்ணாடியில் ஒட்டி, ஃபிலிம் பூச்சு பூசி, வாரக்கணக்கில் இருட்டில் வைப்போம். அப்புறம் ஃபோட்டோ ஃபிலிம் மாதிரி கழுவினால், உறிஞ்சிய செல்லின் மேல் கறுப்புப் புள்ளிகள் விழும். ஆனால் ஒன்று... உயிருள்ள செல்தான் உறிஞ்சும்.

ஆபரேஷனில் எடுத்த உயிருள்ள துண்டெல்லாம் பக்கத்து மேஜைக்காரிக்கு. அவளை எல்லோரும் ராசிக்காரி என்றே கூப்பிடுவார்கள். சரிபார்ப்பதற்காக, ஃபார்மலின் ஜாடியில் கிடந்த செத்த மூளை எனக்கு. என் கண்ணாடி வெறுமையாக வந்தால்தான் அவள் முடிவு செல்லுபடியாகும். எனக்கு வயிறு எரியும். இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நீடிக்கும் என்று ஆய்வகத்தை நடத்தும் சார் சொன்ன பிறகு, அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்று பட்டப்பகல். இருவரின் கண்ணாடிகளையும் கழுவ இருட்டறைக்குள் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்.

டிக்... கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம். என் கை எதையும் தொடவில்லை.

ஃபார்மலின் நெடி. அந்த அறைக்குள் ஃபார்மலின் வந்ததே கிடையாது.

காதருகே மூச்சு...

வேவு பார்க்க வந்துவிட்டாளா? ஆத்திரத்தில் கத்தினேன். "எதுக்குடி பின்னாடி நிக்கற?"

கதவுக்கு வெளியே ராசிக்காரியின் குரல். "அக்கா, கூப்பிட்டீங்களா?"

டிக்...

எப்படிக் கழுவி முடித்தேனோ தெரியாது.

மைக்ரோஸ்கோப்பில் முதலில் அவளுடையதை வைத்தேன். வெறுமை. அடுத்து என்னுடையது... அடக்கும் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு அப்பியிருந்தது. மற்ற செல்களில் ஒரு புள்ளி இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

"மாத்தி வெச்சுட்டீங்களா அக்கா?" ராசிக்காரி அழுதாள். கண்ணாடியில் எண்களைக் கீறியது அவள்தான். எதுவும் மாறவில்லை.

சார் பார்த்தார். "எந்த ஜாடி?"

காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு முன்னாடி உன் மேஜையில இருந்தவரோட மூளைம்மா இது. இங்கேயே தானமா எழுதி வெச்சுட்டுப் போனார். கடைசி வரைக்கும் அவருக்குச் செத்ததைத்தான் குடுத்தாங்க. ஒரு புள்ளி பார்க்கலை, பாவம்."

"உயிருள்ளதை யாருக்கு சார் குடுத்தாங்க?"

அவர் ஜாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு."