குறிகட்டுவான் மடம்

புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசம் எங்கே வந்தாலும், குறிகட்டுவான் துறைக்குப் போகும் வீதியோரம் நின்ற அந்தப் பழைய மடம்தான் எனக்குள் விரிகிறது. யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் படகு வரும்வரை அதன் குளிர்ந்த நிலத்தில் சரிந்து கிடக்க, தூண்களுக்கிடையே நுழையும் சோளகக் காற்று எல்லோரையும் உறக்கிவிடும்.

நெடுந்தீவில் அம்மப்பா நோயாய்க் கிடந்தபோது, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் காத்திருந்தாள். அம்மப்பாவோடு இருந்த பழைய கோபத்தில் அப்பா அந்த வீட்டுப் படியேறுவதில்லை. எங்களையும் போகவேண்டாமென்று தடுத்திருந்தார்.

அரைத்தூக்கத்தில் கண்விழித்தேன். சைக்கிள் மிதித்து வந்த வியர்வையோடு அப்பா பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சாரும், வீட்ட வாரும்."

"ஐயாவுக்கு வருத்தம் கடுமை. என்னால திரும்பி வர ஏலாது," என்றாள் அம்மா, புதிதாய் வெள்ளையடித்த சுவரைப் பார்த்தபடி.

கடல் இரைந்துகொண்டேயிருந்தது, நான் மறுபடி உறங்கிப்போனேன்.

படகின் சத்தத்தில் எழுந்தபோது அப்பா எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.

துறையில் நின்று படகுக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணை, மூண்டு பேருக்கு இடமிருக்கோ?"