சாமி முன்னால் இருந்த ஸ்பேனர்

போன வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, ஈப்போவிலிருந்து பக்கத்து ஊரான கோப்பெங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மனைவியும் மகளும். பாதி வழியில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் ஆடியது. முன்பக்கம் டக் டக் என்று சத்தம். எப்படியோ ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், இடது முன்சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம். மற்ற நட்டுகளை விரலாலேயே சுற்ற முடிந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சக்கரம் தனியாக ஓடியிருக்கும்.

வண்டியின் பின்பெட்டியில் ஸ்பேனரைத் தேடினேன், இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கவே இல்லை. போன வாரம்தான் புது டயர் போட்டது, கடைக்காரன் ஒழுங்காக முடுக்கவில்லை, அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது. வழியில் நின்ற லாரிக்காரர் தன் ஸ்பேனரால் முடுக்கிக் கொடுத்தார். அக்கா வீட்டுக்குப் போகாமல் நேராக டயர் கடைக்குத் திருப்பினேன்.

என் வண்டிக்கு டயர் மாட்டியவர் நம் தமிழ் ஆள்தான், என் வயது இருக்கும். கடை நிறைய வாடிக்கையாளர்கள். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே கத்தினேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டேன். அதற்குமேல் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நல்லா முடுக்கித்தான் விட்டேன் அண்ணே."

வீடியோவை இணையத்தில் ஏற்றினேன். மதியத்துக்குள் ஈப்போவில் தெரிந்த குழுக்களிலெல்லாம் சுற்றியது. சரியாகக் கேட்டீர்கள் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயந்திரம் மனைவி பூசைச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இந்த ஸ்பேனர வண்டியில வச்சிரவா?" என்று நீட்டினாள். சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்து ஒட்டியிருந்தன.

அதைக் கையில் வாங்கியதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பூசையன்று வண்டியைக் கழுவும்போது, உள்ளே அப்பியிருந்த செம்மண்ணைத் தேய்க்க அந்தச் சக்கரத்தை நான்தான் கழற்றினேன். திரும்ப மாட்டி நட்டுகளைக் கையால் சுற்றினேன். அதற்குள் மனைவி ஸ்பேனரைக் கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டாள். வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. காலையில் முடுக்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். ஸ்பேனரை மறந்தேன்.

வீடியோவை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவி விடவில்லை. மறுநாள் கடைக்குப் போனேன். அவர் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் 'அந்த ஆளா' என்று கேட்டதால் முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நடந்ததைச் சொன்னேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவர் குடியிருக்கும் அடுக்குமாடியைச் சொன்னார்.

அங்கே தேடிப் போனேன், அவர் கம்பிக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே முழுக்கக் கேட்டார். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றார். இல்லை என்றேன்.

"கடை நிறைய ஆள் இருக்கறப்ப கத்துனீங்க. இப்ப என் வீட்டு வாசல்ல மெதுவா பேசுறீங்க. அன்னிக்கு இருந்த சத்தம் எங்கண்ணே போச்சு?"



ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துப் போய், தப்பு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். மனைவி வீடியோ எடுத்தாள், ஏற்றினேன். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முதலாளி அவரைத் திரும்பக் கூப்பிட்டும் அவர் வரவில்லை. இப்போது லூமுட் பக்கம் ஏதோ வேலையில் இருக்கிறாராம்.

போன மாதம் எங்கள் சொந்தக்காரர் குழுவில் யாரோ அந்தப் பழைய வீடியோவைப் போட்டு, இந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். கத்துகிறவன் நான்தான், தப்பும் என்னுடையதுதான் என்று பதில் போட்டேன். கண்ணில் படும் இடத்திலெல்லாம் அதையேதான் எழுதுகிறேன், ஆனால் நான் இல்லாத குழுக்களில் அந்த மனிதர் இன்னும் குற்றவாளியாகவே நின்றுகொண்டிருக்கிறார்.