கீழேர்ந்து மொத ரேங்க்

கலைப்பிரியாவின் வீட்டில் ரேங்க்கை மேலிருந்து கேட்கும் வழக்கமே கிடையாது. வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிவிட்டு வரும் அப்பா தென்னரசு, ரேங்க் கார்டைப் பார்த்ததும் "கீழேர்ந்து எத்தினியாவது?" என்பார். பல தடவை அவள் கீழிருந்து முதல். அதற்கும் ஒரு பொட்டலம் பக்கோடா கிடைக்கும். கொடுத்து வைத்தவள்!

அவளேதான் அடித்துப் பிடித்துக் கம்ப்யூட்டர் படித்து, வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் செல்போன் கடையில் நொந்துபோய், கடைசியில் பஸ் முதலாளி ஜெகதீசனைப் பிடித்தாள். பஸ் வந்து நிற்கும் ஊரின் பெயரை ஸ்பீக்கரில் சொல்லும் கருவி அவள் செய்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக ஒரு நடை, வர ஒரு நடை. ஒழுங்காகச் சொன்னால் வேலை, இல்லையென்றால் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்தார். அப்பாவும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

கூட்டேரிப்பட்டு சரி, விக்கிரவாண்டி சரி. கலைப்பிரியாவுக்கு கால் தரையில் நிற்கவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ஸ்பீக்கர் கணீரென்று "திண்டிவனம்" என்றது.

பஸ் முழுக்கச் சிரிப்பு.

"இன்னா பாப்பா, ஏறின எடத்துக்கே வந்துட்டமா?" என்றார் அப்பா. ஜெகதீசன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பக் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கிறது என்றார். இந்த நடை மயிலத்துக்குள்ளும் போய் வரும் என்று கண்டக்டர் வேறு சொன்னார்.

லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலில் முதல் ஊருக்கு எண் சைபர், அடுத்ததற்கு ஒன்று. இப்படி நடுவில் ஏதாவது ஊர் சேர்ந்தால் கடைசி ஊரின் எண் மாறிவிடுமே என்று, கடைசியை மட்டும் மைனஸ் போட்டுப் பின்னாலிருந்து எண்ண வைத்திருந்தாள். முன்னால் சைபரில் ஆரம்பித்தால் பின்னாலும் சைபர்தானே? மைனஸ் சைபர் என்று எழுதியிருந்தாள். அடிப்பாவி! மைனஸ் போட்டாலும் சைபர் சைபர்தான். கம்ப்யூட்டர் நேராக முதல் ஊருக்கே போய்விட்டது.

கீழிருந்து சைபராவது ரேங்க் என்று உலகத்தில் ஒன்று உண்டா? அவளே வாங்கியதில்லையே! சிரித்துக்கொண்டே அதை மைனஸ் ஒன்று, அதாவது பின்னாலிருந்து முதலாவது, என்று மாற்றினாள். திரும்பும் நடைக்காகப் பட்டியலைத் தலைகீழாக்கி மயிலத்தையும் சேர்த்தாள்.

மயிலம் சுற்றிவிட்டு பஸ் காலையில் புறப்பட்ட ஊருக்கே வந்து நின்றது. "திண்டிவனம்" என்றது ஸ்பீக்கர். போகும்போது எல்லோரும் சிரித்த அதே பெயர்தான். இப்போது எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

தன்னுடைய மீதி ரெண்டு பஸ்ஸிலும் நாளைக்கே மாட்டச் சொன்ன ஜெகதீசன், கோளாறு எங்கே என்று கேட்டார். அவள் சொன்னாள். அப்பாவுக்குப் பாதி புரிந்தது; அது போதும் அவருக்கு.

"கீழேர்ந்து மொத ரேங்க்குங்க எம்பொண்ணு" என்றார் முதலாளியிடம். பிறகு பக்கோடா வாங்க ஓடினார்.