அக்காவின் கண்ணில் இருந்த மஞ்சள்

ஒரு காரில் ஏறும் ஆசைக்காக என் அக்காவின் உயிரோடு நான் மூன்று நாள் விளையாடினேன். அப்போது எனக்கு எட்டு வயது.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையின் மாடியில் குடியிருந்தோம். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைத் தோழனாக நான் பூ ஜோடித்த காரில் போகவேண்டும். அக்காவுக்கு எப்போதாவது வலிப்பு வரும். கல்யாணத்தில் வந்துவிடக்கூடாதே என்று ஒரு மாதமாகப் புது மாத்திரை சாப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

நலங்கு தொடங்கியது. தினமும் அரைத்த மஞ்சளைப் பூசினார்கள். “என்னமா புடிச்சிருக்கு பாரு” என்று அத்தை மெச்சினாள். முதல் நாள், அக்கா என் காலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்ததைக் கண்டேன்.

“மஞ்சத்தண்ணி பட்டிருச்சு லா. யார்கிட்டயும் சொல்லாத. கல்யாணம் தள்ளிப்போனா உனக்கு காரும் கெடையாது.”

சொல்லவில்லை. மறுநாள் அக்காவுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டிற்று. “மாப்பிள்ள நெனப்புல சோறு எறங்கல” என்று அத்தை கேலி செய்தாள். எல்லோரோடும் நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் நலங்கில் அக்கா உட்காரமுடியாமல் சுவரில் சாய்ந்தாள். காரை மறந்தேன். மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் இருக்கும்போதே, “அம்மா, பூசுற மஞ்சள் கண்ணுக்குள்ள போகுமா?” என்று கேட்டேன். அம்மா அக்காவின் இமையை இழுத்துப் பார்த்தாள். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மாப்பிள்ளையின் அக்கா நிற்க, அம்மா தலைகுனிந்து சொன்னாள். அந்த வலிப்பு மாத்திரை சிலருடைய கல்லீரலைக் கெடுக்கும், உடனே நிறுத்தவேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் பிழைப்பதே கஷ்டம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். வலிப்பை மறைத்துவிட்டார்கள் என்று அவருடைய அக்கா படபடத்தாள். “எனக்குத் தெரியும்கா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவங்களே எங்கிட்ட தனியா சொல்லிட்டாங்க” என்று என் அக்காவைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கார் எங்கயும் போகாது தம்பி. மொதல்ல கண்ணு வெள்ளையாகட்டும்.”

மூன்று நாளையும் அக்காவிடம் ஈடுகட்ட எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அவள் வீடு திரும்பியதிலிருந்து, பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்து வீட்டுக்கே கேட்கும்படி நிறத்தை அறிவிப்பேன். புது மாத்திரை மாற்றி, இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. இம்முறை நலங்குக்கு மாப்பிள்ளையின் அக்காவே சந்தனம் கொண்டுவந்தாள். “மஞ்ச வேணாம். பையன் கொழம்பிடுவான்” என்றாள்.

தாலி கட்டியபின் பூக்காரில் அத்தானுக்கும் அக்காவுக்கும் நடுவே உட்கார்ந்தேன். வழக்கம்போல் அவள் கண்ணை உற்றுப் பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. இந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து உரக்கச் சொன்னேன்:

“செவப்பு.”

காரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்கு மட்டும் பயம் தெளியவில்லை.