கேட்காமலே சொன்ன எட்டு ஜிபி

இன்று கோவில்பட்டியில் லேப்டாப் வாங்கப் போயிருந்தேன்.

கடையில் என் பக்கத்தில், புதூரிலிருந்து வந்த ஓர் அக்கா. "ரேம் பதினாறு ஜிபி போதுமா, முப்பத்திரண்டு போடணுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் குறுக்கே புகுந்தேன். "பிள்ளைக படிக்கதுக்குத்தானக்கா? எட்டே போதும். ஏமாந்துராதீங்க."

அவர் நிதானமாகத் திரும்பினார். "எனக்குத்தான் தம்பி. கல்யாண வீடியோ எடிட் பண்ணுதேன். எட்டுல பாதியிலயே நின்னுபோவுது. நீங்க எதுக்கு வாங்குதீங்க?"

படம் பார்க்கவும் லெட்டர் அடிக்கவும் முப்பத்திரண்டு சொல்லியிருந்தவன் நான். "ஆபீஸ் வேலைக்கு" என்று முனகினேன்.

"அப்ப உங்களுக்கு எட்டே போதும்லா" என்றார், கேலியே இல்லாமல். அதுதான் சுட்டது.

சேலையைப் பார்த்து ரேம் கணக்குப் போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

நீங்களும் இப்படி யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டா? சொல்லுங்கள், துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.