படிக்கல்லாக இருந்த தலை

வில்லாபுரம் ஜனகராஜின் தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று அவர் மனைவி அலர்மேல்மங்கைக்கே சந்தேகம் உண்டு. ஆனால் 2004-ல், கோரிப்பாளையத்து ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் தலைதான் அங்கே அளவைச் சரிபார்க்கும் படிக்கல். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மூளையின் அளவைச் சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதை நம்பலாமா என்று பார்க்க, நோய்நொடி இல்லாத அவர் தலையையே மாதாமாதம் படமெடுத்தார் டாக்டர் ராஜஸ்ரீ. தலை ஒன்றுதானே, அளவும் ஒன்றாகத்தானே வர வேண்டும்?

முதல் தடவை அளவைக் கேட்டதும் ஜனகராஜ் வாயைப் பிளந்துவிட்டார்.

“ஒன்னேகால் லிட்டரா! எங்க வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சு, ஊர்ல பேசுற தமிழு, கல்யாணம், சண்டை, அம்புட்டும் அதுக்குள்ளயா டாக்டரம்மா?”

அப்புறமும் அதே அளவுதான் வந்தது. மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த படத்தில் அளவு குறைந்தது. ஒரு டீஸ்பூன் அளவு.

“மெஷின் கோளாறா, சாஃப்ட்வேர் கோளாறான்னு தெரியலைண்ணே. நாளைக்குத் திரும்ப எடுப்போம்” என்றார் டாக்டர்.

கோளாறு தன் தலையிலேயே இருந்தால்? என்று ஜனகராஜுக்குச் சந்தேகம் தட்டியது. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவர்.

வீட்டுக்குப் போய்ப் பூஜையை முடித்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அந்த ஒரு ஸ்பூனோடு எது போயிருக்கும் என்று தேட ஆரம்பித்தார். மகள் பிறந்த நட்சத்திரம் இருந்தது. கல்யாணச் சேலையின் நிறம் இருந்தது. அலர்மேல்மங்கை முறைக்கிற முறைப்பும் பத்திரமாக இருந்தது. பிறகு என்னதான் போயிற்று?

மறுநாள் இட்லி, காபியெல்லாம் முடித்துவிட்டு சென்டருக்கு வந்து மெஷினில் படுத்தார். அட, பழைய அளவு அப்படியே வந்து நின்றது!

“நேத்து என்னண்ணே சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“புரட்டாசிச் சனிக்கிழமைல்ல. பல்லுல பச்சைத் தண்ணி படலை.”

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அதான்ணே! உடம்புல தண்ணி வத்துனா மூளையும் லேசாச் சுருங்கும். சாஃப்ட்வேர் தப்பாச் சொல்லலை. உங்க தாகத்தை அளந்திருக்கு!”

ஜனகராஜுக்குப் புல்லரித்தது. பெருமாளுக்காக இருந்த தாகம் இந்தக் கம்ப்யூட்டர் வரைக்கும் தெரிந்திருக்கிறதே!

“எதுக்குண்ணே இம்புட்டுக் கடுமையான விரதம்?”

அவர் கண் கலங்கிவிட்டது.

“எங்கப்பா மாதிரி எனக்கும் ஞாபகம் போயிரக் கூடாதுன்னுதான்மா.”

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.