சாரல் காலத்தில் வாங்கிய சைலன்சர்

டீசல் புகையும் சாரலின் ஈரமும் கலந்தால், நனைந்த கம்பளியை அடுப்பில் வாட்டியது போல ஒரு நெடி வரும். எங்கள் கிணற்றுக் கொட்டகையில் நின்ற சிறிய ஆயில் இன்ஜின், ஆடி மாதம் முழுவதும் அந்த நெடியை வயலுக்கும் எங்கள் சட்டைகளுக்கும் பூசிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பஸ் ஏறி வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துப் போகிற அதே வாரங்களில், தென்காசி போகும் வழியில், கால்வாயின் கடைசியில் கிடந்த எங்கள் வயல் கிணற்றை நம்பியே நின்றது. சாரல் எங்கள் துண்டை நனைத்தது, வயலை நனைக்கவில்லை.

அந்த இன்ஜின், தான் இறைக்கிற தண்ணீரிலேயே கொஞ்சத்தை உள்ளே வாங்கித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வகை. கிணற்றுக் குழாயில் காற்று புகுந்து தண்ணீர் நின்றுவிட்டால், அதற்கும் தண்ணீர் கிடையாது. சற்று நேரத்தில் பிஸ்டன் சூட்டில் இறுகிப் "பிடிச்சிரும்". ஆனால் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஆயில் இன்ஜினுக்குக் காவல் வீட்டில் இருப்பவர்களின் காதுதான். நான்கு வயல் மேற்கே இருந்த வீட்டில் அம்மா குழம்பு கூட்டிக்கொண்டிருப்பாள். தண்ணீர் நின்றால் சுமை குறைந்து இன்ஜின் சத்தம் லேசாகும். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஏலே, தண்ணி நின்னுட்டு, ஓடு" என்பாள். நான் ஓடுவேன்.

அந்த வருடம் கார் நெல் பூத்து வருகிற நேரத்தில் பழைய சைலன்சர் துருவேறி வயிறு பிளந்துகொண்டது. இன்ஜின் வெடித்து வெடித்து ஓடியது. பக்கத்து வயல் அண்ணாச்சி வரப்பில் நின்று, "என்னவே, கோயில் கொடைக்கு இன்னும் நாள் கிடக்கு, இப்பவே வெடி போடுதீரு?" என்றார். "வெடியில்ல அண்ணாச்சி, வயித்தெரிச்சல்" என்றார் அப்பா. சிரித்தாரே தவிர, அவர் கண் மேலே இருந்தது. பிளவு வழியாகப் பொறி பறந்தது. கொட்டகையின் கூரை ஓலை. இன்ஜினை நிறுத்தினால் நெல் காயும், ஓட்டினால் கூரை எரியும்.

நான் பின்னாளில் அரசு அலுவலகத்தில் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன், அப்பா அந்தச் சைலன்சரைத் தேர்ந்தெடுத்த முறையில் எந்தத் தணிக்கையாளரும் குறை காண முடியாது. இன்ஜின் கம்பெனியின் அசல் சாமான் திருநெல்வேலியில் கிடைத்தது. விலை கேட்டதோடு அது முடிந்தது. கேரள எல்லையில், புளியறையில் லாரி பட்டறை ஒன்றில் கழற்றிப் போட்ட லாரி சைலன்சர் மலிவாகக் கிடந்தது. "ஆயுசுக்கும் கிடக்கும் சேட்டா" என்றார் மலையாளப் பட்டறைக்காரர். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவ்வளவு கனம் அந்தச் சிறிய இன்ஜினின் தலையில் ஏறினால், அதிர்வில் புகைவாய் விண்டுபோகும். மூன்றாவது, தென்காசிக் கடை ஒன்றில் இருந்த உள்ளூர்த் தயாரிப்பு. கையோடு கொண்டுபோன பழைய சைலன்சரின் உடைந்த துண்டை வைத்துக் குழாய் அகலம் பார்த்தார், மரை சேர்கிறதா என்று திருகிப் பார்த்தார். உள்ளே அடைப்பு அதிகமிருந்தால் புகை வெளியேறாமல் இன்ஜின் திணறும் என்று, கடைவாசலில் நின்று அதை வாயில் வைத்து ஊதியும் பார்த்தார். தெருவில் போன ஒருவர், "என்ன அண்ணாச்சி, சங்கு ஊதுதிய, யாரு போயிட்டா?" என்று கேட்டார். அப்பா ஊதி முடித்துத்தான் நிமிர்ந்தார். "பெட்டிப் பாம்பா அடங்கிக் கிடக்கும், கொண்டு போங்க" என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. மாட்டிய அன்று காலையில் அப்பா முறைப்படி சோதித்தார். பொறி இல்லை, திணறல் இல்லை. வீட்டிலிருந்து அம்மாவும் கேட்கிறது என்று கையசைத்தாள். காலையில் காற்று கிடையாது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மத்தியானம் மலைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று மேற்கிலிருந்து இறங்கும்போது, கிழக்கே கிடந்த கிணற்றின் சத்தத்தை எதிர்ப்பக்கமாக அள்ளிக்கொண்டு போகும். பழைய சைலன்சரின் முரட்டுச் சத்தம் காற்றை எதிர்த்து வீடு வந்து சேரும், புதியது சேராது.

அப்பா உரம் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அம்மா அரிவாள்மணையில் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். "ஏலே, கேக்கா?" என்றாள். பனையோலைகளின் சலசலப்புதான் கேட்டது. "தெரியலம்மா" என்றேன். முற்றத்தில் இறங்கிக் காதுக்குக் கை குவித்து நின்றாள். அப்புறம் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன்.

குழாய் வாய் காய்ந்து கிடந்தது. இன்ஜின் மட்டும், பெயிண்ட் கருகும் வாசனையோடு, அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா டீசல் வரத்தை அடைத்து அதை நிறுத்தினாள். நான் வாளித் தண்ணீரைத் தூக்கியதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஊத்தாத, இரும்பு விண்டுரும்." தானாக ஆறும்வரை தொடக்கூடாது, தொடாமல், பிஸ்டன் பிடித்துவிட்டதா இல்லையா என்று தெரியாது. பால் பிடிக்கத் தொடங்கியிருந்த கதிர்களுக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா கதிர்களைப் பார்க்கவே இல்லை.

அப்பா வந்து கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். அசையவில்லை. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். காலை ஊன்றி மறுபடி சுற்றினார். முனகிக்கொண்டே, அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று வந்தது.

கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்பா, "விலை சரி, அளவு சரி, கனம் சரி. இதுல என்ன குறை?" என்றார்.

"ஒரு குறையுமில்ல" என்றாள் அம்மா. "நீங்க அங்கன நின்னு வாங்கினிய. நான்லா வீட்டுல இருந்து கேக்கணும்."

எவ்வளவு சத்தம் தேவை என்று கேட்கும் கட்டத்தை, என் பணிக்காலம் முழுவதும் எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. அம்மா படிவம் எதற்கும் காத்திருக்கவில்லை. மறுநாள் மண்ணெண்ணெய் அடுப்பையும் சட்டிகளையும் கொட்டகைக்கே எடுத்துப் போனாள். அறுப்பு வரை எங்கள் சோற்றிலும் குழம்பிலும் டீசல் வாடை இருந்தது. நெல் வீடு வந்து சேர்ந்தது.

இன்று அந்த வயலும் கிணறும் இல்லை. குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்று அங்கே நிற்கிறது. மின்தடைக்கு, இரும்புப் பெட்டிக்குள் ஒரு டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். மாலை நடையில் அந்த வேலியைக் கடக்கும்போது அது சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறது. என் கால் தானாக வேலிப் பக்கம் ஓர் எட்டு வைத்துவிடுகிறது. உள்ளே யாரும் ஓடுவதில்லை. விளக்கு அணைந்த அறையிலிருந்து வரவேற்பறைக்கு ஒரு போன் போகிறது, அவ்வளவுதான்.